தொடக்ககாலப் படம் காட்டும் கருவிகளும் அவற்றின் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சினிமாவைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் திணறுவது பெயர்களில்தான். கினெட்டோஸ்கோப், சினிமாட்டோகிராஃப், வைட்டாஸ்கோப், பயாஸ்கோப், தியேட்ரோகிராஃப், ஐடலோஸ்கோப் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு புதுப்பெயர் வரும். இவையெல்லாம் ஒரே இயந்திரமா, வேறு வேறா? எது முதலில் வந்தது? 1890களில் தொடங்கி 1910 வரையிலான கருவிகளைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "கண்டுபிடித்தவர் யார்" என்று ஒற்றைப் பெயரைத் தேடினால் குழப்பம் தீராது. எந்தக் கருவி எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்று பார்த்தால் பெயர்கள் தாமாகவே அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

மாயவிளக்கையும் புரொஜெக்டர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். விளக்கு, அதன் முன் ஒரு கண்ணாடிப் படம், அதற்கும் முன்னால் லென்ஸ். இந்த அமைப்பு 1659-லேயே டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கையில் இருந்தது. இருட்டறையில் சுவரில் படம் விழுவது 1890களின் மக்களுக்குப் புதிதே அல்ல. ஃபிலிம் வந்தபோதுகூட, பல வியாபாரிகள் ஃபிலிமை ஓட்டும் பகுதியை மட்டும் தனியாக விற்றார்கள். கையில் இருந்த மாயவிளக்கின் முன்னால் அதைப் பொருத்திக்கொண்டால் போதும்.

அசையும் படத்தைத் திரையில் காட்டியதிலும் ஒரு முன்னோடி உண்டு. பாரிஸில் எமில் ரெய்னோ 1892 அக்டோபர் 28 முதல் கிரெவின் அருங்காட்சியகத்தில் தன் ஒளி அரங்கத்தை நடத்தினார். படங்களுக்கு இடையே துளையிட்ட நீண்ட பட்டையில் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து, கையாலேயே சுற்றிக் காட்டினார். புகைப்படம் இல்லை என்பதால் பல பட்டியல்களில் அவர் பெயர் விடுபட்டுப்போகிறது. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். சினிமா வந்தபின் தொழில் நொடித்து, மனமுடைந்து, தன் பட்டைகளில் பெரும்பாலானவற்றை அவரே சேன் நதியில் எறிந்தார்.

எடிசனின் கினெட்டோஸ்கோப் ஒரு புரொஜெக்டர்தானே?

இல்லை. அது குனிந்து பார்க்கும் மரப்பெட்டி. மேலே உள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் இதற்கான வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் டபிள்யூ. கே. எல். டிக்சன். 1894 ஏப்ரல் 14-ல் நியூயார்க் பிராட்வேயில் பத்துப் பெட்டிகளோடு முதல் கடை திறந்தது. ஐந்து பெட்டிகள் கொண்ட ஒரு வரிசையைப் பார்க்க 25 சென்ட்.

இந்தப் பெட்டியை அப்படியே திரைக்கு மாற்ற முடியாததற்குக் காரணம் வெளிச்சம். உள்ளே சுமார் 50 அடி ஃபிலிம் ஒரே வளையமாக, எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் படம் கலங்கலாகத் தெரியாமலிருக்க, ஒரு சிறு கீறல் மட்டும் உள்ள தட்டு அதன்மேல் சுழலும். கீறல் கடக்கும் கணத்தில் மட்டும் படம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் வைத்த கண்ணுக்கு அந்தத் துளி வெளிச்சம் போதும். பத்துப் பதினைந்து அடி தள்ளியிருக்கும் திரைக்கு அது போதவே போதாது.

ஆனாலும் இந்தப் பெட்டி விட்டுச்சென்ற ஒரு பொருள் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. 35 மில்லிமீட்டர் அகலம், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒற்றைப் படத்துக்கு, இருபுறமும் நான்கு நான்கு துளை என்ற ஃபிலிம் அளவு அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 1896-ன் கடைசியில் எடிசன் நிறுவனம் உண்மையான புரொஜெக்டர் ஒன்றை வெளியிட்டபோது, அதற்கும் "புரொஜெக்டிங் கினெட்டோஸ்கோப்" என்றே பெயர் வைத்தது. அதன்பின் வந்த விளம்பரங்களில் "கினெட்டோஸ்கோப்" என்று மட்டும் இருந்தால், பெட்டியா புரொஜெக்டரா என்பதை ஆண்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அப்படியென்றால் புரொஜெக்டருக்கு வேண்டிய முக்கியமான வேலை எது?

ஃபிலிமை நிறுத்தி நிறுத்தி நகர்த்துவது. ஒரு ஃபிரேம் லென்ஸுக்கு நேரே வந்து அசையாமல் நிற்க வேண்டும். வெளிச்சம் முழுவதும் அதன் வழியே பாய வேண்டும். பிறகு ஷட்டர் என்ற சுழலும் மறைப்புத் தகடு வெளிச்சத்தை மறைக்கும் நேரத்துக்குள் அடுத்த ஃபிரேம் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். நொடிக்குப் பதினாறு முறை, ஃபிலிம் கிழியாமல். படம் நின்று காட்டப்படுவதால்தான் திரைக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கிறது. அந்தக் காலத்துக் கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இதற்கு மூன்று வழிகள் புகழ்பெற்றன. லூமியர் சகோதரர்கள் பயன்படுத்தியது நகம்: இரண்டு முனைகள் துளைக்குள் நுழைந்து, ஃபிலிமைக் கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே போய் மறுபடி நுழையும். தையல் இயந்திரம் துணியை நகர்த்தும் விதம்தான் லூயி லூமியருக்கு இந்த யோசனையைத் தந்தது. இரண்டாவது, பிரான்சில் ஜார்ஜ் டெமினி 1893-ல் காப்புரிமை (சுருக்கமாக, உரிமம்) வாங்கிய தட்டும் முறை. சுழலும் ஒரு முளை ஃபிலிமைத் தட்டித் தட்டிக் கீழே தள்ளும்.

மூன்றாவதுதான் கடைசிவரை தியேட்டர்களில் நின்றது: மால்டீஸ் கிராஸ். பழுதான 35 மி.மீ. புரொஜெக்டர் எங்காவது கிடைத்தால், எண்ணெய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நான்கு கைகள் கொண்ட, சிலுவை போன்ற சிறிய எஃகுச் சக்கரம் உள்ளே இருக்கும். பக்கத்தில் ஒரு வட்டத்தகடு, அதன் விளிம்பில் ஒரு முளை. கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால், தகடு பாட்டுக்குச் சுற்றும், சிலுவை அசையாது. முளை வந்து சிலுவையின் பிளவுக்குள் நுழைந்ததும், "டக்" என்று சிலுவை கால்வட்டம் திரும்பி மறுபடி நின்றுவிடும். அதே அச்சில், ஃபிலிமின் துளைகளைப் பிடித்து இழுக்கும் பதினாறு பல் கொண்ட ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரம். கால்வட்டம் என்றால் நான்கு பல். நான்கு பல் என்றால் நான்கு துளை. நான்கு துளை என்றால் சரியாக ஒரு ஃபிரேம். தகடு ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் முக்கால் பங்கு படம் நிற்கிறது, கால் பங்கு நகர்கிறது. இந்தக் கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதைக் கையால் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதை 1896-ல் பிரான்சில் கொன்டின்சூசாவும் ஜெர்மனியில் ஓஸ்கர் மெஸ்டரும் தனித்தனியே கையாண்டார்கள்.

ஆபரேட்டர்கள் "லூப் விடு" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

குத்துச்சண்டையிலிருந்து. உட்வில் லேத்தம் என்ற அமெரிக்கரும் அவருடைய மகன்களும் குத்துச்சண்டைப் படங்களை நீளமாக எடுத்துக் காட்ட விரும்பினார்கள். நீள ஃபிலிம் என்றால் கனமான சுருள். அதை நொடிக்குப் பலமுறை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் சுருளுக்கும், ஃபிரேம் லென்ஸுக்கு நேரே நிற்கும் இடமான கேட்டுக்கும் நடுவே ஃபிலிமைச் சிறிது தளர்வாக வளைத்து விட்டார்கள். அதுதான் லூப். அந்த வளைவு மட்டும் துள்ளும். மேலேயுள்ள சுருள் சீராகச் சுற்றும். லேத்தம்கள் தங்கள் ஐடலோஸ்கோப்பில் 1895 மே 20-ல் நியூயார்க்கில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். லூமியர்களின் பாரிஸ் கட்டணக் காட்சிக்கு ஏழு மாதம் முந்தியது இது. படத்தின் தரம் சுமார்தான். ஆனால் அந்த வளைவு இல்லாமல் பின்னால் வந்த எந்தத் தியேட்டர் புரொஜெக்டரும் ஓடியிருக்காது. 1908-ல் அமெரிக்காவில் எடிசன் முதலானோர் சேர்ந்து அமைத்த காப்புரிமைக் கூட்டமைப்பு இந்த வளைவின் உரிமத்தையும் ஓர் ஆயுதமாக வைத்துக்கொண்டு, தியேட்டர்காரர்களிடம் புரொஜெக்டருக்கு வாரம் இரண்டு டாலர் வசூலித்தது. 1912-ல் நீதிமன்றம் அந்த உரிமத்தைச் செல்லாது என்றது.

லூமியர் சகோதரர்களின் சினிமாட்டோகிராஃபில் அப்படி என்ன விசேஷம்?

ஒரே பெட்டி மூன்று வேலை செய்தது. படம் எடுக்கும், நெகட்டிவிலிருந்து பிரதி போடும், பின்னால் விளக்கை வைத்தால் படம் காட்டும். கையால் சுற்றுவதால் மின்சாரம் வேண்டாம். ஒருவரே தூக்கிக்கொண்டு போகலாம். எடிசனின் படம் பிடிக்கும் கருவியோ ஒரு அறையைவிட்டு வெளியே வரமுடியாத கனம். லூமியர்களின் ஆட்கள் ஓரிரு ஆண்டுக்குள் உலகைச் சுற்றி வந்ததன் ரகசியம் இந்தக் கனக்குறைவுதான்.

1895 பிப்ரவரி 13-ல் உரிமம். மார்ச் 22-ல் பாரிஸில் அறிஞர்கள் முன் காட்சி. டிசம்பர் 28-ல் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்குக் கட்டணக் காட்சி. கட்டணம் ஒரு ஃபிராங்க். முதல் நாள் வந்தவர்கள் 33 பேர். ஒவ்வொரு படமும் சுமார் 17 மீட்டர், 50 நொடிக்குள் முடிந்துவிடும்.

பெயர் அவர்களுடையது அல்ல. லியோன் பூலி என்ற பிரெஞ்சுக்காரர் 1892-லேயே தன் கருவிக்கு அந்தப் பெயரில் உரிமம் வாங்கியிருந்தார். பிறகு கட்டணம் கட்ட முடியாமல் கைவிட்டார்.

திரையில் ரயில் வருவதைக் கண்டு மக்கள் எழுந்து ஓடியது உண்மையா?

நம்பத்தகுந்த சான்று இல்லை. அந்த ரயில் படம் டிசம்பர் 28 நிகழ்ச்சியில் இடம்பெறவும் இல்லை. அன்று முதலில் ஓடியது தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் படம். மக்கள் வியந்தார்கள், அதிர்ந்தார்கள் என்பது உண்மை. உயிருக்குப் பயந்து ஓடினார்கள் என்பது பின்னால் வளர்ந்த கதை.

ஜெர்மனியில் அதற்கும் முன்பே காட்டிவிட்டார்கள் என்கிறார்களே?

ஆம். மாக்ஸ், எமில் ஸ்கிளடனோவ்ஸ்கி சகோதரர்கள் 1895 நவம்பர் 1-ல் பெர்லினின் வின்டர்கார்டன் அரங்கில் தங்கள் பயோஸ்கோப்பைக் காட்டினார்கள். மாயவிளக்குக் காட்சி நடத்திய குடும்பம் அது. அவர்களுடைய தீர்வும் மாயவிளக்குக்காரர்களின் தீர்வாகவே இருந்தது: இரண்டு ஃபிலிம், இரண்டு லென்ஸ். ஒன்று காட்டும்போது மற்றது நகரும். ஒவ்வொன்றும் நொடிக்கு எட்டு, சேர்ந்து பதினாறு. மூளையைக் கசக்கிச் செய்த வேலைதான். ஆனால் ஒரு படத்துக்கு இரண்டு பட்டைகள் வெட்டி ஒட்டித் தயாரிக்க வேண்டியிருந்ததால், லூமியர்களின் ஒற்றைப் பட்டையோடு போட்டியிட முடியவில்லை.

வைட்டாஸ்கோப் எடிசன் கண்டுபிடித்ததா?

விளம்பரத்தில் ஆம், உண்மையில் இல்லை. பிரான்சிஸ் ஜென்கின்ஸ், தாமஸ் ஆர்மட் என்ற இரண்டு இளைஞர்கள் வாஷிங்டனில் சேர்ந்து உருவாக்கிய கருவி அது. ஃபான்டாஸ்கோப் என்ற பெயரில் 1895 இலையுதிர்காலத்தில் அட்லாண்டா கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். பிறகு இருவருக்கும் இடையே தகராறு, பிரிந்தார்கள். ஆர்மட் தன் கருவியை ராஃப், காமன் என்ற வியாபாரிகளிடம் கொண்டுபோனார். அவர்கள் எடிசனின் கினெட்டோஸ்கோப்பை விற்றுவந்தவர்கள். பெட்டி வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த நேரம். புதுக் கருவி பிடித்துப்போனது. ஆனால் ஆர்மட் என்ற பெயரை யாருக்குத் தெரியும்? எடிசன் பெயர் போட்டால்தான் விலைபோகும் என்று ஆர்மட்டைச் சம்மதிக்க வைத்தார்கள். எடிசனும் ஒப்புக்கொண்டார்.

1896 ஏப்ரல் 23-ல் நியூயார்க்கின் கோஸ்டர் அண்டு பயல் இசையரங்கில் "எடிசனின் வைட்டாஸ்கோப்" அரங்கேறியது. அன்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆர்மட். கைதட்டல் எடிசனுக்கு. இன்றும் பொது அறிவுப் புத்தகங்களில் "சினிமாவைக் கண்டுபிடித்தவர் எடிசன்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். அந்த வரியை எழுதுகிறவர்கள் ஆர்மட், ஜென்கின்ஸ், டிக்சன் மூன்று பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் யார்?

ராபர்ட் பால் என்ற லண்டன் கருவி வினைஞர். எடிசன் கினெட்டோஸ்கோப்புக்கு இங்கிலாந்தில் உரிமம் வாங்காமல் விட்டதால், பால் அதைச் சட்டப்படியே நகலெடுத்து விற்றார். அடுத்து சொந்தமாகத் தியேட்ரோகிராஃப் என்ற புரொஜெக்டரைச் செய்து 1896 பிப்ரவரி 20-ல் காட்டினார். அதே நாளில், அதே லண்டனில் லூமியர் காட்சியும் அரங்கேறியது!

பாலின் முக்கியத்துவம் வேறொன்றில் இருக்கிறது. லூமியர்கள் 1897 வரை தங்கள் கருவியை வெளியாருக்கு விற்கவில்லை. தங்கள் ஆட்களை அனுப்பித் தாங்களே காட்டினார்கள். பால் காசு கொடுத்தவர் யாருக்கும் விற்றார். பாரிஸில் லூமியர்களிடம் கேட்டு ஏமாந்த மேடை வித்தைக்காரர் ஜார்ஜ் மெலியே லண்டன் போய் வாங்கியது பாலின் கருவியைத்தான். அதைப் பார்த்து, மாற்றியமைத்துத் தன் கேமராவையும் செய்துகொண்டார்.

எதற்கு இத்தனை கிரேக்கப் பெயர்கள்?

உரிமத்துக்கும் சுவரொட்டிக்கும் தனிப்பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கம், லத்தீன் கலந்தால் அறிவியல் வாசனை வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கினெமா என்றால் அசைவு, பயோஸ் என்றால் உயிர், ஸ்கோப் என்றால் பார்க்க, கிராஃப் என்றால் எழுத. இவற்றைக் குலுக்கிப் போட்டால் பாதிப் பெயர்கள் கிடைத்துவிடும். வைட்டா லத்தீனில் உயிர்.

எது நிலைத்தது என்பது வியாபாரம் எங்கெங்கே போனது என்பதைப் பொறுத்தது. சினிமாட்டோகிராஃப் சுருங்கிப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சினிமா ஆனது. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் கினோ ஆனது. பயாஸ்கோப் என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனவர் லண்டனில் தொழில் நடத்திய அமெரிக்கர் சார்லஸ் அர்பன். அவர் விற்ற கருவி உறுதியானது, படத்துடிப்பு குறைந்தது. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பெயர் ஊன்றிவிட்டது. டச்சுக்காரர்களுக்கு இன்றும் தியேட்டர் என்றால் பியோஸ்கோப், இந்தோனேசியாவிலும் அதுவே. சிங்களத்தில் பைஸ்கோப். நம் தாத்தா பாட்டிகள் சொன்ன பயாஸ்கோப்பும் அந்த வழியில் வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், திருவிழாவில் குனிந்து பார்க்கும் படப்பெட்டிக்கும் பிற்பாடு நம்மூரில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நொடிக்கு எத்தனை ஃபிரேம்? படம் ஏன் துடித்தது?

ஊமைப்பட காலத்தில் சுமார் பதினாறு. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்குப் பதினாறு ஃபிரேம், ஆக நொடிக்கு ஒரு அடி. ஆயிரம் அடி ரீல் பதினாறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஆனால் சுற்றியது மனிதக் கை. கூட்டம் அதிகமிருந்தால் அடுத்த காட்சிக்காக வேகமாகச் சுற்றுவது சாதாரணம். பேசும்படம் வந்தபின் ஒலிக்காக 24 என்று உறுதியானது.

துடிப்புக்குக் காரணம் ஷட்டர். நொடிக்குப் பதினாறு முறை மட்டும் இருட்டானால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். ஷட்டருக்கு மூன்று இதழ் வைத்ததும், நிற்கும் படத்தின் மீதே கூடுதலாக இரண்டு முறை இருட்டடித்து, நொடிக்கு 48 ஆக்கினார்கள். துடிப்பு அடங்கியது.

புரொஜெக்டர் கேபின்களில் ஏன் அவ்வளவு தீ விபத்து?

அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட். பற்றினால் எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே தரும். தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. அதற்குப் பின்னால் அங்குல இடைவெளியில் சுண்ணாம்பைச் சுட்டு ஒளிரவைக்கும் விளக்கோ, கார்பன் ஆர்க் என்ற கடும் வெப்பமுள்ள மின்விளக்கோ. ஃபிலிம் ஒரு கணம் மாட்டி நின்றால் போதும். லூமியர்கள் குவிலென்ஸுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்தார்கள். தண்ணீர் வெப்பத்தை உறிஞ்சும். குடுவை உடைந்தால் வெளிச்சம் குவியாது, ஆபத்தும் இல்லை. எளிமையான, அருமையான யோசனை.

1897 மே 4-ல் பாரிஸ் தர்மச் சந்தையில் நடந்த பெருந்தீயில் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே முதலில் பற்றியது ஃபிலிம் அல்ல, விளக்குக்கு ஊற்றிய ஈதர். ஆனாலும் பழி சினிமா மேல் விழுந்தது. பிரிட்டனில் 1909-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம் புரொஜெக்டரைத் தீப்பிடிக்காத தனி அறைக்குள் வைக்கச் சொன்னது. இந்தியச் சட்டம் 1918-ல் வந்தது.

தமிழ்நாட்டுக்கு எப்போது, எந்தக் கருவி வந்தது?

இந்தியாவில் முதல் காட்சி 1896 ஜூலை 7, பம்பாய் வாட்சன் ஹோட்டல். லூமியர்களின் ஆள் மாரியஸ் செஸ்டியே காட்டினார். கட்டணம் ஒரு ரூபாய். தமிழகத்தில் ஊர் ஊராகப் படம் போன கதைக்கு நாயகர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். மின்சாரம் இல்லாத ஊர்களில், பெரும்பாலும் முதன்முறையாகப் பார்க்கும் மக்களுக்கு. பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார்.

சென்னையில் புகைப்பட நிலையம் நடத்திய ரகுபதி வெங்கையா வாங்கியது கோமான் நிறுவனத்தின் குரோனோமெகாபோன். புரொஜெக்டரையும் இசைத்தட்டையும் இணைத்து, அழுத்திய காற்றால் ஒலியைப் பெருக்கும் கருவி. பேசும்படத்துக்கு இருபது ஆண்டு முன்பே விக்டோரியா பப்ளிக் ஹாலில் அது பேசியது, பாடியது.

வீட்டுப் பரணில் பழைய புரொஜெக்டரும் ஃபிலிமும் கிடைத்தால்?

கருவியைவிட ஃபிலிமை முதலில் பாருங்கள். ஓரத்தில் "சேஃப்டி" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. "நைட்ரேட்" என்றிருந்தாலோ, 1950களின் தொடக்கத்துக்கு முந்திய 35 மி.மீ. ஃபிலிம் என்று தெரிந்தாலோ, ஓட்டிப் பார்க்காதீர்கள். துண்டு வெட்டிக் கொளுத்திச் சோதிப்பதும் வேண்டாம். காற்றுப்புகாத டப்பாவில் அடைக்காமல், வெயிலும் அடுப்பும் எட்டாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பிசுபிசுத்து, காரநெடி வீசி, பழுப்புத் தூளாக உதிர்ந்திருந்தால் தொடாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

கருவியில் கைப்பிடி, லென்ஸின் எண், தயாரிப்பாளர் பெயர்த்தகடு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். பெயின்ட் அடிக்கவோ பித்தளையைப் பளபளவென்று தேய்க்கவோ வேண்டாம். எந்த ஆண்டு, எந்தப் பட்டறை என்று கண்டுபிடிக்கும் தடயம் பல நேரம் அந்தப் பழைய பூச்சில்தான் இருக்கும்.